திருச்சாரணத்துமலையின் பகவதி

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் குன்றின் மேல், இயற்கையாய்க் கவிந்த பெரும்பாறையின் கீழ் ஒரு பகவதி கோயில் உள்ளது. பாறையே கூரை, தூண்களும் மண்டபமும் பின்னர் எழுப்பப்பட்டவை. கருவறைகள் மூன்று. அவற்றில் பகவதியோடு மகாவீரரும் பார்சுவநாதரும் எழுந்தருளியுள்ளனர்.

குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவியாகிய குணந்தாங்கிக் குரத்தியார் இங்குள்ள பட்டாரியாருக்குப் பொன்னணிகள் அளித்ததைக் கல்வெட்டொன்று கூறுகிறது. பட்டாரியார் என்பது பெண்தெய்வத்தைக் குறிக்கும் சொல். ஆதலால், 13ஆம் நூற்றாண்டளவில் இது பகவதி கோயிலானபோது புதியதொரு தெய்வம் குடியேறிற்று என்பதைவிட, இயக்கியே பகவதியாகத் தொடர்ந்தாள் எனக் கொள்வதே பொருந்தும். அவளுக்கு அணி பூட்டியவர் ஒரு சமணத் துறவியார் என்பதையும் மறத்தலாகாது.

வடபுறப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாய் அமர்ந்துள்ளன. சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை இயக்கி நிற்கிறாள். சிறு திருமேனிகளின் கீழ், செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவர் திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரநந்தி அடிகள். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அப்பாண்டைநாதரை இன்றும் வழிபட்டுவரும் அதே திருநறுங்கொண்டை.