நாள் குறிப்பவர் யார்?

அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பிரிவு 1914-இல் வெளியிட்ட ‘இன்ஃபன்ட் கேர்’ கையேடு, மூன்றாம் மாதத்திற்குள்ளாகவே மலங்கழிக்கும் பழக்கத்தைத் தொடங்கலாம் என்றது. உட்காரவே அறியாத சிசுவுக்குக் கால அட்டவணை! பழகியது சேயா, தாயா என்று நமக்கு ஐயம் எழுகிறது.

1962-இல் மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், 1170 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு கேள்வியையே திருப்பிப் போட்டார். பதினெட்டு மாதம்வரை பொறுத்திருக்க வேண்டும். பிள்ளை நடக்கிறதா, சொல்வது புரிகிறதா, பெரியவர்களைப்போல் தானும் செய்ய விழைகிறதா என்று பார்க்க வேண்டும். அக்குழந்தைகள் பகல்நேரப் பழக்கத்தில் தேர்ந்தது சராசரியாக 28.5 மாதத்தில்.

முந்தைய ஆண்டுதான் ‘பாம்பர்ஸ்’ சந்தைக்கு வந்திருந்தது. 1998-இல் அதன் பெரிய அளவு டயாப்பருக்கான விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றினார். அதனால் அவர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆயினும் நமக்கு நெருடுகிறது. உளவியலாளர் ஜான் ரோஸ்மண்டும் அவரை எதிர்த்தார். இரண்டு வயதுக்குள் பழக்கிவிடலாம் என்பது ரோஸ்மண்டின் கட்சி.