தையலும் தையலாரும்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

‘தையல்’ என்னும் சொல் தமிழில் இருபொருள்பட வழங்குவதை யாவரும் அறிவர். துணியை இணைக்கும் தொழிலும் தையல், பெண்ணும் தையல். முன்னது ‘தை’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பதில் ஐயமில்லை. பின்னதும் அவ்வடியினதா, அன்றி ஒப்பனை, அழகு என்னும் பொருள்களின் வழியே வந்ததா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார்க்கு விட்டுவிடுகிறோம். யாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. சொல்லில் இவ்விரண்டும் ஒன்றாய் நின்றனவேனும், வாழ்வில் தையற்றொழில் தையலார் கைக்கு வந்து சேர்ந்தது அண்மைக் காலத்திலேதான். அஃது எவ்வழி வந்தது, வந்தபின் அவர்க்குச் சோறிட்டதா என்பனவே எம் வினாக்கள்.

சங்க நூல்களை நோக்குமிடத்து நூல் பெண்ணின் கையிலும் ஊசி ஆணின் கையிலும் இருக்கக் காண்கிறோம். நற்றிணை 353ஆம் பாட்டில் கபிலர், மலைமேல் தவழும் முகிலுக்கு உவமை தேடி, ஆண்துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைக் காட்டுகிறார். உவமைக்கு எடுத்தாளும் பொருள் கேட்போர் நன்கறிந்ததாய் இருத்தல் வேண்டும். ஆகவே, கணவனை இழந்தோரும் துணையற்றோரும் நூல் நூற்றுப் பிழைத்தல் அக்காலத்து ஊரறிந்த செய்தி என்று கொள்வதில் தவறில்லை. புறநானூற்று 326ஆம் பாட்டிலோ, பருத்தியின் குப்பையைப் புடைத்து நீக்க இரவில் எழுந்த பெண்ணொருத்தியின் சிறு விளக்கு வருகிறது. புலவர் அவ்விளக்கைக் காட்டுவது, பூனைக்கு அஞ்சிக் கூவிய கோழி ஒன்று அதன் ஒளியில் அச்சம் தணிந்ததைச் சொல்வதற்காகத்தான்; அவள் உழைப்பைப் புகழ்வதற்காக அன்று. எனினும் பகல் வேலை முடிந்தபின் இரவிலும் தொழில் செய்த ஒருத்தியின் படம், போகிற போக்கில், நமக்குக் கிடைத்துவிட்டது.

ஊசியின் நிலை வேறு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கும் இடத்தில் ‘துன்னகாரர்’ குறிக்கப் பெறுகின்றனர். துன்னம் என்பது தையல். புறநானூற்று 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், ஊரில் விழாத் தொடங்கிவிட, மனைவி மகப்பேற்று நோவில் இருக்க, பொழுதும் சாய, மழையும் பெய்ய, கட்டில் பின்னுவோன் ஒருவன் கையில் விரைந்தோடும் ஊசியைப் போர் வேகத்துக்கு ஒப்பிடுகிறார். அங்கும் ஊசி பிடித்தவன் ஆடவனே. பெண்டிர் இல்லத்துக் கிழிசலைத் தைத்தே இருப்பர். அதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை. கூலி பெறும் தொழிலாக அது அவர்க்கு இருந்ததா என்பதே கேள்வி. மேலும் நம் நாட்டு உடை பெரும்பாலும் தைக்கப்படாத உடை. சேலைக்கும் வேட்டிக்கும் ஊசி வேண்டா. ரவிக்கையும் சட்டையும் ஊர்தோறும் பரவிய பின்னரே தையற்காரர்க்கு நிலையான தேவை எழுந்தது.

பெண்ணின் கையில் ஊசி கூலித் தொழிலாக ஏறிய செய்திகளுள் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று, அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோயிலில் நிகழ்ந்தது. 1820ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குச் சிறுமியர்க்குச் சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையைக் கற்பித்தார். அவருள் அடிமை நிலையில் இருந்த சிலர், அவ்வேலையால் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். தோள்சீலைக் கலகம் நடந்த அந்நாட்டில், மேலாடை அணியும் உரிமைக்கே பெண்டிர் 1859 வரை போராட வேண்டியிருந்த அக்காலத்தில், நூலையும் ஊசியையும் கொண்டு சிறுமியர் விடுதலை பெற்றனர் என்பது நம் வரலாற்று நூல்களில் இன்னும் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டிய செய்தி. ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கற்பித்தவர் கற்பித்ததோடு நில்லாது, முடித்த பொருளை வாங்குவாரையும் தேடிக் கொடுத்தார். ஐரோப்பியர் வீடுகளில் அதற்கு விலை இருந்தது. கற்பித்தல் மட்டும் நிகழ்ந்து வாங்குவோர் இல்லாதிருப்பின், அச்சிறுமியர் பின்னல் அறிந்த அடிமைகளாகவே இருந்திருப்பர்.

வாங்குவோர் இருப்பதனால் மட்டும் கூலி நேர்மையாகிவிடாது என்பதற்கு இங்கிலாந்தே சான்று. இலண்டனில் சட்டை தைத்த பெண்டிரின் பசியைத் தாமஸ் ஹூட் என்னும் புலவர் 1843இல் பாடிய பாட்டு அந்நாட்டையே உலுக்கிற்று. அப்போது தையல் இயந்திரம் பரவவில்லை; கையூசிக் காலம். 1851இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின் வேகம் கூடிற்று. தைப்போர் கூலி அவ்வேகத்தில் கூடவில்லை. ஆயினும் இயந்திரங்களை ஐயுற்ற காந்தியடிகள் இவ்வொன்றை மட்டும் விலக்காக வைத்தார். 1924இல் தில்லியில் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் வினவியபோது, சிங்கர் தையல் இயந்திரம் பயனுள்ள மிகச் சில கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்றும், மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாத அன்பிலே அது பிறந்தது என்றும் அடிகள் விடை பகர்ந்தார். வினவிய அவ்விளைஞரே பிற்காலத்தில் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரோடு 1947இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார்.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். தொண்டைமான் அரசர் ஆட்சியில் இருந்த அச்சிறு நாட்டில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். பெண்ணொருத்தி ஆடவர் கல்லூரியில் சேர்வதைப் பலர் எதிர்க்க, அரசர் இசைவினால் அவர் மகாராசா கல்லூரியில் இடம் பெற்றார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டமும் பெற்றார். இவர் வரலாற்றைக் கூறுவோர் சட்டமன்றத்தையும் தேவதாசி ஒழிப்பையும் விரித்துக் கூறுவர், அது முறையே. எம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது 1930இல் அவர் தொடங்கிய ஔவை இல்லம். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்த சிறுமியர்க்கு விடுதிகள் இடம் மறுத்தபோது, அவர் தம் வீட்டிலேயே இடமளித்தார். கல்வியோடு கைத்தொழிலும் அங்குச் சேர்ந்தது. வாழ்க்கை முறையொன்றை விடுமாறு பெண்ணிடம் கேட்பவர், மறுநாள் காலைக்கு அவளுக்கு உணவு எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை அம்மருத்துவர் உணர்ந்திருந்தார். தையலின் சொல்லைக் கேளாதே என்று சிறுவர்க்குக் கற்பித்த ஆத்திசூடியின் ஆசிரியர் பெயர் அவ்வில்லத்துக்கு அமைந்ததைப் பாரதியார் கண்டிருப்பின் நகைத்திருப்பார். அவர் தம் புதிய ஆத்திசூடியில் அக்கருத்தைத் திருப்பியே பாடிவிட்டார்.

புதுக்கோட்டை அரசு 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஏரியையும் கண்மாயையும் மழையையும் நம்பிய நிலம் அது. மழை பொய்த்த ஆண்டில் ஆடவர் வெளியூர் செல்வர். பெண்டிர் ஊரில் நிற்பர். கபிலர் கண்ட ஆண்துணையற்ற மகளிர் இங்குப் பழங்கதை அல்லர்.

அவர்க்கென அரசு வகுத்த திட்டங்களுள் இரண்டை ஒப்பு நோக்குதல் பயன் தரும். ஒன்று, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம். கைம்பெண்டிர், கணவனால் கைவிடப்பட்டோர், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருள் தையல் கற்றவர்க்கு இயந்திரம் விலையின்றி அளிக்கப்படுகிறது. மற்றொன்று, சமூக நலத்துறையின் கண்காணிப்பில் இயங்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவு பெற்றது. 1985 முதல் சத்துணவு உண்ணும் மாணவர்க்கு விலையில்லாச் சீருடை வழங்கத் தொடங்கினர். 2012-13 கல்வியாண்டு முதல் அது ஆண்டுக்கு 4 இணைகளாகப் பெருகிற்று. துணியை நெசவாளர் கூட்டுறவு அமைப்புகள் தர, வெட்டிய துணிக் கட்டுகளை உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்துத் தருகின்றனர். தறியில் இருப்பவருக்கும் இயந்திரத்தில் இருப்பவருக்கும் ஒரே ஆணையால் வேலை கிடைக்கிறது.

இவற்றின் வேறுபாட்டை எமக்கு உணர்த்தியவர் ஒரு நூலாசிரியர் அல்லர். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் யாம் கண்ட அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர், முப்பது ஆண்டுகட்கு மேல் சீருடை தைத்தவர். காஜா எடுத்து எடுத்து வலக்கை ஆட்காட்டி விரல் வளைந்திருந்தது. அவர் கூறியதை அவர் மொழியிலேயே தருகிறோம்: “மிசினு குடுத்தாகய்யா, நல்லதுதான். ஆனா மிசினு சோறு போடுமா? ஊருல எல்லாருந்தான் தைக்கிறாக. பொங்கலுக்கும் தீவாளிக்கும் நாலு ரவிக்கை வரும், அம்புட்டுத்தேன். ரெண்டு தடவ அடகுக் கடைக்குப் போயிட்டு வந்துச்சு அது. சங்கத்துல கட்டு குடுக்க ஆரம்பிச்ச பெறகுதான்யா மிசினு வீட்டுல நின்னுச்சு.”

இயந்திரம் அடகுக் கடைக்குச் செல்வதும் வீட்டில் நிற்பதும் இயந்திரத்தின் தன்மையைப் பொறுத்தன அல்ல. வேலை ஆணையைப் பொறுத்தன. நாகர்கோயிலில் மால்ட் அம்மையார் அறிந்திருந்ததும் இதுவே. கூட்டுறவு முறை இதனோடு மற்றொன்றையும் சேர்த்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்கட்கே இடந்தந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உற்பத்தியாளரும் சங்கம் அமைக்கலாயினர். பங்கு எத்துணையாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது அதன் நெறி. அகமதாபாத்தில் 1972இல் இலா பட் அம்மையார் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு, ஆலைக் கழிவுத் துணியை இணைத்து மெத்தை உறை தைத்த பெண்டிரை ஒன்று திரட்டியபோதும் இந்நெறியையே பற்றிற்று. வணிகர் கொடுத்த கந்தலை வணிகர் சொன்ன கூலிக்குத் தைத்தவர்கள், கந்தலைத் தாமே வாங்கித் தாமே விற்கும் கூட்டுறவு கண்டனர்.

குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. சீருடை வேலை ஆண்டு முழுதும் நில்லாது. கல்வியாண்டைச் சுற்றியே வரும். கூலி உருப்படிக் கணக்கு. நூல், பாபின், இயந்திரப் பழுது ஆகியவை பெரும்பாலும் தைப்பவர் தலையில் விழுகின்றன. அளவு பொருந்தாத சட்டையைப் பற்றி ஆசிரியரும் பெற்றோரும் குறை கூறியதும் உண்டு; அக்குறைக்குத் தைத்தவளைப் பழித்தவர் பலர், வெட்டும் இடத்தை நோக்கியவர் சிலர். வீட்டில் இருந்து உழைப்போரையும் தொழிலாளராக மதித்தல் வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 1996இலேயே பிறந்தது. இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

புதுக்கோட்டைப் பெண்டிர் ஒன்று கூடித் தொழிலைத் தம் கைக்குக் கொணரும் ஆற்றலற்றவர் என்று கூறுதற்கு இடமில்லை. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், 1991இல் எழுந்த அறிவொளி இயக்கத்தில் அவர்கள் எழுத்தறிந்ததோடு ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் பழகினர். அக்காலத்திலேயே, குத்தகைக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்த மகளிர் குழுக்களுக்குக் கல்குவாரிகள் நேரே குத்தகைக்கு விடப்பட்டன. சம்மட்டி பிடித்த கை கணக்கேட்டையும் பிடித்தது. மிதிவண்டியின் பயன் தையற்றொழிலுக்கும் நேர்ந்தது. எம்மிடம் பேசிய மூதாட்டி, துணிக்கட்டைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வந்த காலத்தைச் சொல்லும்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

இன்று ‘அறம் சார்ந்த ஆடை’ என்னும் பெயரில் உலகெங்கும் ஒரு பேச்சு நிகழ்கிறது. 2013 ஏப்ரல் 24இல் வங்க தேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபின் அப்பேச்சு வலுத்தது. 2022இல் தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளர் சங்கம் ஒன்றும் ஆடை நிறுவனங்களும் திண்டுக்கல் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. ஆலைகளில் பெண்டிர்க்கு நேரும் வன்முறையைத் தடுத்தலே அதன் நோக்கம். சிறு சமூக நிறுவனங்களும் தையற் பெண்டிர்க்கு உதவ முன்வருகின்றன, வரவேற்கிறோம். அவற்றை யாம் வினவ விரும்புவது, எத்தனை இயந்திரம் கொடுத்தீர் என்பதை அன்று. ஆணை எத்தனை மாதம் வரும்? விலையைக் கூறும் கூட்டத்தில் தைப்பவள் அமர்வாளா?

எம் மூதாட்டியின் பெயர் இரு ஏடுகளில் இருக்கிறது. இயந்திரம் பெற்றோர் பட்டியலில் அவர் ‘பயனாளி’. சங்கத்துப் பதிவேட்டில் ‘உறுப்பினர்’. விடைபெறுமுன் அவர் பெட்டியைத் திறந்து எமக்கு எடுத்துக் காட்டியது இரண்டாவதற்குரிய பங்குச் சீட்டை.