மாகாளிக் கிழங்கின் இனங்காணல் வரலாறு: உலர்தாவரத் தாள் முதல் டி.என்.ஏ. பட்டைக்குறியீடு வரை

முன்னுரை

தாவரங்களை இனங்காணும் மரபு மலர், இலை, கனி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் காட்டிலிருந்து சந்தைக்கு வரும் மருந்துச் சரக்கில் இவை இருப்பதில்லை. வேரும் பட்டையும் கிழங்குமே வந்து சேர்கின்றன. அருகிவரும் தாவரங்கள் பிறிதொரு பெயரில் விலைபோவதற்கு இவ்விடைவெளியே வழிவகுக்கிறது. பெருநன்னாரி எனவும் வழங்கப்படும் மாகாளிக் கிழங்கு இதற்குத் தக்க சான்றாகும். அதன் இனங்காணல் வரலாற்றையும் கல்வராயன் மலை போன்ற பகுதிகளுக்கு அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உலர்தாவர மரபு

இக்கொடிக்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்னும் அறிவியற்பெயரை 1834இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் சூட்டினர். தென்னிந்தியாவிற்கே உரிய இது, கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்வது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையும் இத்தொடரைச் சார்ந்ததே. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலையின் தாவரங்களைத் திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ தம் தமிழ்நாட்டுக் கர்நாடிக் தாவரத்தொகுதியில் பதிவுசெய்தார். அதன் முதற்பகுதி 1981இல் வெளிவந்தது.

பட்டைக்குறியீட்டின் வருகை

விலங்கினங்களை இழைமணி மரபணு ஒன்றின் சிறு பகுதியால் வேறுபடுத்தலாம் என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்தனர். தாவரங்களில் இழைமணி மரபணுக்கள் மிக மெதுவாக மாறுவதால் இம்முறை அப்படியே பொருந்தவில்லை. எனவே பசுங்கணிகத்தின் ஆர்பிசிஎல், மாட்கே என்னும் இரு பகுதிகள் 2009இல் பன்னாட்டு ஆய்வுக்குழுவால் பரிந்துரைக்கப்பட்டன.

டெகாலெபிஸ் பேரினத்தின் மூன்று சிற்றினங்களின் கிழங்குகளும் மணத்தாலும் தோற்றத்தாலும் ஒத்தவை. அவற்றுள் மாகாளிக் கிழங்கு நன்னாரிக்கு மாற்றாக விற்கப்படுகிறது. 2017இல் வெளியான ஆய்வொன்று ஆர்பிசிஎல், மாட்கே, ஐடிஎஸ் ஆகிய மூன்றையும் இணைத்து இச்சிற்றினங்களை முழுமையாகப் பிரித்தறிந்தது. மாட்கே பகுதியின் 230ஆம் இடத்திலுள்ள ஓரெழுத்து வேறுபாடே மாகாளிக் கிழங்கை நன்னாரியிலிருந்து பிரித்துக்காட்டப் போதுமானது என்றும் அது கண்டது.

குறியீட்டின் எல்லை

சந்தைக் கிழங்கின் குறியீட்டை ஒப்பிட, பெயர் உறுதிசெய்யப்பட்ட தாவரத்தின் குறியீடு தேவை. அப்பெயரை உறுதிசெய்வது உலர்தாவரத் தாளே. ஆகவே புதிய முறை பழைய மரபை நீக்கவில்லை, அதன்மீதே நிற்கிறது. மேலும், ஒரே சிற்றினத்திற்குள் வேறுபாடு மிகக் குறைவாதலால், கிழங்கு எம்மலையில் அகழப்பட்டது என்பதை இக்குறியீடு கூறாது. அகழ்ந்தவருக்கு உரிமை உண்டா என்பதையும் கூறாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேர், கிழங்கு உள்ளிட்ட சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு அளித்துள்ளது.

முடிவுரை

கொடியையும் இலையையும் கண்டு அகழ்பவர் தாவரத்தை அறிந்தே அகழ்கிறார். கிழங்கு கொடியினின்று பிரிந்து கைமாறும்போதே பெயர் மாறுகிறது. எனவே பட்டைக்குறியீட்டுச் சோதனைக்கு உரிய இடம் மலைவாழ் மக்களின் கூடையன்று, வணிகரின் கிடங்கே. இவ்வேறுபாட்டைக் கருதாத பாதுகாப்பு, கொடியையும் காக்காது; அதனை அறிந்த மக்களின் உரிமையையும் காக்காது.