பத்தர் முதல் பேஸ் பெட்டி வரை

நரம்பில் பிறக்கும் ஓசை அவைக்கு எட்டும் வலிமையைப் பெறுவது கூட்டினால்தான். பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். யாழின் ஒலிக்கூட்டுக்குப் 'பத்தர்' என்று தனிப்பெயர் இட்டு வழங்கினர். பொருநராற்றுப்படை பத்தரின் வடிவையும் அதனைப் போர்த்திய தோலையும் உவமைகளால் விளக்குகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலையே தந்துள்ளார். யாழின் அமைப்பை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-ஆம் ஆண்டில் அரங்கேறியது.

இம்மரபில் வந்த இளைஞருள் சிலர் இன்று 'ஹெவி மெட்டல்' என்னும் வல்லிசையில் நாட்டம் கொண்டுள்ளனர். அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய 'ருத்ரா' என்னும் குழு, வடமொழிச் சுலோகங்களை அவ்விசையோடு இணைத்துப் பிற நாடுகளிலும் பெயர் பெற்றது. அக்குழுவில் பாடுபவரும் பேஸ் கித்தார் வாசிப்பவரும் கதிர் என்னும் ஒருவரே. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பேஸ் கித்தாரைக் கையில் எடுக்கும் இளைஞன், அதற்கேற்ற ஒலிபெருக்கிப் பெட்டியைத் தேடிக் கடைக்குச் செல்லும்போது இரண்டு கேள்விகளையே கேட்கிறான். பெட்டி எவ்வளவு பெரியது? எத்தனை வாட்? இவ்விரண்டும் போதா என்பதைப் பெட்டியின் வரலாறு காட்டும்.

பெட்டி ஏன் வேண்டும்?

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் விளக்கி எழுதினர். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைகிறது. அதனோடு ஒட்டிய தாள்கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கூம்பு முன்னே காற்றை நெருக்கும் அதே நொடியில் பின்னே காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளமானது. பேஸ் கித்தாரின் தடித்த நரம்பு நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வொலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். இத்துணை நீண்ட அலை கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பின்னிருந்து முன்னே வந்து முன்னலையை அழித்துவிடும். ஆகவே, பின்னலையை என்ன செய்வது என்பதே பெட்டி செய்வோர் அனைவரும் விடை காண வேண்டிய வினாவாயிற்று.

இரு விடைகள் தோன்றின. ஒன்று, பின்னலையை முற்றாக அடைத்துவிடுதல். இதுவே மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று வில்போல் நின்று கூம்பைக் கட்டுப்படுத்துகிறது. மற்றொன்று, பெட்டியில் அளவறிந்து ஒரு துளையிடுதல். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குடத்தின் வாயில் ஊதினால் ஓசை எழுவது போலத் துளையிலுள்ள காற்றும் குறித்த ஒரு சுருதியில் அதிர்ந்து தாழ்ந்த ஒலிக்குத் துணைசெய்கிறது. ஆனால் அச்சுருதிக்குக் கீழே கூம்பு பிடிப்பை இழந்து அளவின்றி ஆடும். துளைப்பெட்டியைக் கணக்கிட்டுச் செய்யும் முறையை ஆஸ்திரேலியாவின் தீல் 1961-இல் வகுத்தார். 1970-களில் ஸ்மால் அதனை விரிவாக்கினார்.

வல்லிசை வந்த வழி

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் தாழ்குரலுக்கு அக்காலச் சிறு பெட்டிகள் ஈடுகொடுக்கவில்லை. அரங்குகள் பெருகியபோது, 1969-இல் அம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றல் கொண்ட பெருக்கியையும், பத்து அங்குலக் கூம்புகள் எட்டினைக் கொண்ட மூடிய பெட்டியையும் செய்தது. அப்பெட்டியின் உட்புறம் அறை அறையாகத் தடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது விரல் நுனிகளை இழந்தவர். நரம்பின் விறைப்பைக் குறைத்து வாசிப்பது அவருக்கு எளிதாயிற்று. 1971-இல் வந்த அவர்களின் மூன்றாம் தட்டில் பல பாடல்கள் மூன்று அரைச்சுருதி தாழ்ந்து ஒலித்தன. ஓர் ஆலைத் தொழிலாளியின் காயம் ஓர் இசைவகையின் சுருதியையே இறக்கியது! பின்னர் வந்தோர் ஐந்து நரம்புக் கித்தாரால் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கினர்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கும் பாடங்கள் சில. முதலாவது, கூம்பின் பரப்பு. பதினைந்து அங்குலக் கூம்பு ஒன்றே பெரிதென்று பலர் எண்ணுவர். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15-இன் வர்க்கம் 225. பத்து அங்குலக் கூம்புகள் நான்கிற்கு 400. எட்டிற்கோ 800. வகுப்பறைக் கணக்கே விடை கூறிவிடுகிறது.

இரண்டாவது, தெளிவு. வல்லிசையில் முழவின் அடிகள் மிக விரைந்து விழும். பெட்டியின் சொந்த அதிர்வு நீடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். மூடிய பெட்டி விரைவில் அடங்கும். ஆனால் மிகுந்த மின்னாற்றலைக் கேட்கும். துளைப்பெட்டி குறைந்த ஆற்றலில் நிறைந்த ஒலி தரும். ஆனால் அதன் துளைச்சுருதி கித்தாரின் தாழ்ந்த நரம்புக்கு ஏற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும். புகழ்பெற்ற அம்பெக் பெட்டியும் 41 ஹெர்ட்ஸ் அடியொலியை முழு வலிவுடன் எழுப்புவதில்லை. அதன் இரட்டிப்பாகிய 82 ஹெர்ட்சும் மேற்பட்ட கிளையொலிகளுமே செவிக்குச் சுரத்தை உணர்த்துகின்றன.

மூன்றாவது, வாட் கணக்கு. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். ஆதலின் ஒரு வாட்டுக்குப் பெட்டி எவ்வளவு ஒலி தரும் என்று கேட்பதே அறிவு. மேலும், 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் தடை 4 ஓமாகும். பெருக்கி அதனைத் தாங்குமா என்பதை முன்பே அறிய வேண்டும்.

நான்காவது, இடமும் காதும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாழ்பவனுக்கு எட்டுக் கூம்புப் பெட்டி சுமையே. அறுபது கிலோவுக்கு மேற்பட்ட அதனைப் படியேற்றுவது யார்? பத்து அங்குலக் கூம்பு இரண்டு கொண்ட பெட்டியில் தொடங்கிப் பின்னர் அதே வகையில் மற்றொன்றைச் சேர்ப்பது தக்கது. நாள்தோறும் 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது செவிக்குக் கேடு. ஒலி கூடக் கூட அந்நேரம் விரைந்து குறையும். செவியடைப்பான் அணிவது கோழைத்தனமாகாது.

தைப்பூச நாளில் பத்துமலை அடிவாரத்தில் வளைந்த கோலால் தேய்க்கப்படும் உறுமியின் தாழ்குரலைக் கேட்டு மெய்சிலிர்க்காத தமிழர் உண்டோ? பலாமரத்தைக் குடைந்து தவில் செய்பவரும் பலகையை அறுத்துப் பேஸ் பெட்டி செய்பவரும் எண்ணுவது ஒன்றே: அடைபட்ட காற்றை எவ்வாறு பேசவைப்பது? இளைஞனின் பெட்டியை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினால், அவன் நம் பத்தரையும் முழவையும் அறியாமலே போவான். அப்பெட்டியைக் காட்டியே அவற்றைக் கற்பிக்கலாம். கூம்பு, பத்தர், துளை, கிளையொலி என்று தமிழில் பெயர் சொல்லி விளக்கும் ஆசிரியரிடம் அறிவியலும் இலக்கியமும் ஒரே பாடமாகும். இரு தலைமுறைகளுக்கு இடையே பேச்சும் பிறக்கும்.