சாத்தாங்காட்டு இரும்பும் சண்டை ரோபோவும்

ரோபோ சண்டைப் போட்டிக்குத் தயாராகும் நம் கல்லூரித் தம்பிகள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லட்சக்கணக்குல பணமில்லாம இதெல்லாம் ஆகுமா சார்?" ஆகும் என்கிறது சரித்திரம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்த விளையாட்டுக்கு வயது குறைவு. 1987-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் சில ஆர்வலர்கள் 'கிரிட்டர் கிரன்ச்' என்று பெயர் வைத்துச் சின்ன இயந்திரங்களை மோதவிட்டார்கள். அடுத்து வந்தவர் மார்க் தார்ப். சினிமாவுக்கு மாடல்கள் செய்தவர். 1992-ல் வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை ரிமோட்டில் ஓட்டப் பார்த்தார். பெருக்குகிற வேலை சரிப்படவில்லை, சண்டை யோசனை பிறந்தது! 1994 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் 'ரோபோ வார்ஸ்' நடந்தது. 1998-ல் அது பி.பி.சி. டி.வி.க்குப் போனது. 2000-ல் அமெரிக்க டி.வி.யில் 'பேட்டில்பாட்ஸ்' வந்தது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட், சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா போன்ற விழாக்களின் வழியாகக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது.

ஆரம்பத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? 1995-ல் அமெரிக்காவில் வாகை சூடிய 'லா மெஷின்' ஒரு சாய்வுத் தகட்டு வண்டி. எதிரியின் அடியில் புகுந்து தள்ளும், அவ்வளவுதான். 1998-ல் பி.பி.சி.யின் முதல் தொடரை வென்ற 'ரோட்பிளாக்' இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள பாட்மின் கல்லூரி அணியுடையது. அதுவும் முன்னால் சாய்வு, பின்னால் ஒரு வட்ட ரம்பம். நம்ம பாஷையில் சொன்னால், ரெண்டும் எதிரிக்கு 'ஆப்பு' வைத்தே ஜெயித்தன! ஆப்புக்கு மோட்டார் வேண்டாம், பேரிங் வேண்டாம். சுழலும் ஆயுதத்துக்கோ எல்லாம் வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் அடியின் சக்தி நாலு மடங்காகும், நிஜம்தான். ஆனால் அதே அடி நம் சட்டத்துக்கும் திரும்பி வரும்.

இனி சாத்தாங்காட்டுக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்புச் சந்தை அது. தகடு, ஆங்கிள், சேனல் எல்லாம் எடைக்குத்தான் விற்பனை. போட்டியிலும் எடைக்குத்தான் வரம்பு. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டால் பாதி பட்ஜெட் முடிந்த மாதிரி. கணக்குப் பாருங்கள்: 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23.5 கிலோ. 40 செ.மீ. சதுரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டால் ஏழரை கிலோ. 15 கிலோ ரோபோவில் சரிபாதி போச்சு! மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் 2 மி.மீ. ஆக்கினால் இரண்டரை கிலோ மிச்சம். அந்த எடை மோட்டாருக்கு, அந்தக் காசு பேட்டரிக்கு. அடி வாங்கும் முன்பக்கத்துக்கு மட்டும் கனமான துண்டு போதும். மோட்டாருக்குப் புதுப்பேட்டை, மின்னணுச் சாமானுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கு.

வடசென்னைக்கு இது புதுசா என்ன? 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார், 1955 வாக்கில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். இரண்டுமே வெளிநாட்டுப் பாகங்களைக் கோத்துத் தொடங்கியவை. கோத்துப் பழகிய கைகள்தான் பிறகு பாகங்களையே செய்யக் கற்றன. லேத்தும் வெல்டிங்கும் இந்தத் தெருக்களுக்குத் தாய்மொழி.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். சிக்கனம் தகட்டில் இருக்கட்டும், பாதுகாப்பில் வேண்டாம். லித்தியம் பேட்டரி தகடு குத்தினால் தீப்பிடிக்கும். மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச், கண்ணாடி, கையுறை, ஆயுதம் சுழலும்போது தடுப்புக் கூண்டு, இவற்றில் பேரம் பேசாதீர்கள். கண்ணுக்கு விலை கிடையாது.

பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்து, சுமை தூக்குபவரின் மகன் ஒதுங்கி நின்றால் நஷ்டம் நம் கல்லூரிக்குத்தான். பழைய மாணவர்களாகிய நாம் கொடுக்க வேண்டியது பெரிய காசோலை இல்லை. பட்டறையில் வெட்டி மிஞ்சிய தகடு, விடுமுறை நாளில் ஒரு லேத், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆள், இவை போதும். தம்பிகளே, தங்கைகளே, கூச்சப்படாமல் வந்து கேளுங்கள்!

— முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை