வரலாற்றில் விடுபட்ட குடி

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற வருடம் ஊர் வரலாறு பற்றிய செயற்றிட்டம் ஒன்றுக்காக நாலைந்து நாள் பாடசாலை நூலகத்தில் இருந்துவிட்டு என்னிடம் வந்தாள். "சேர், நாங்க வரிசைநாச்சி குடி எண்டு உம்மம்மா சொல்லுவா. இந்தப் புத்தகங்கள்ல அது எங்கயும் இல்லையே?"

நானும் தேடினேன். எங்கள் நூலகத்திலுள்ள ஊர் மலர்களில் அரபு வணிகர் வருகை இருக்கிறது. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய செய்தி இருக்கிறது. பிறகு ஒரே பாய்ச்சலில் முதற் பாடசாலை, முதற் பட்டதாரி, பாராளுமன்ற உறுப்பினர். வணிகம், அரசியல், புலவர் வரலாறு ஆகிய துறைகளில் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. குடிக்குக் கிடைத்தது ஒரு பந்தி, அதுவும் 'பண்டைய வழக்கங்கள்' என்ற தலைப்பின் கீழ்.

கிழக்குக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே எடுக்கும் வழக்கமும் இதனோடு சேர்ந்து நடந்ததுதான். இந்நாட்டு முஸ்லிம்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் வாழும் மாகாணத்தில் கலியாணம், சொத்து, பள்ளிவாசல் மூன்றிலும் கைவைத்திருந்த அமைப்பு, எப்படி ஒரு பந்தியாகச் சுருங்கியது?

என் எண்ணத்தில் இதன் வேர் 1888இல் இருக்கிறது. அவ்வருடம் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் படித்த கட்டுரையில், மொழியையும் வழக்கங்களையும் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைக்கவிருந்த காலம் அது. மறு வருடமே எம். சி. அப்துல் றஹ்மான் நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். எழுதியே ஆகவேண்டிய மறுப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று தொடங்கி நம் ஆய்வு, எதிராளி போட்ட கேள்வித்தாளுக்கே விடை எழுதிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து வந்தோம் என்ற கேள்விக்கு வாப்பா வழியே போய் அரபுக் கப்பலைக் காட்டினோம். அந்த வழக்கில் குடி சங்கடமான சாட்சி. ஏனெனில் அயலிலுள்ள தமிழரிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. யாரும் திட்டமிட்டு மறைத்ததாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சாட்சியைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிட்டவர் ஓர் அமெரிக்கர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வைத் தொடங்கினார். தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்புக் குடிகளையும் ஆராயும் அவரது பெரிய நூல் 2008இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில். எங்கள் பாடசாலை நூலகத்தில் அது இல்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பயன்பட்டிருக்குமா என்பது வேறு கதை.

வாய்மொழி மரபு ஒன்றை எல்லாரும் அறிவோம். திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றார்கள், அதற்குப் பரிசாகக் காணியும் பெண்களும் கிடைத்தன என்பது. எவ்வளவு உண்மையோ, கதை கதையாகவே இருக்கட்டும். அதில் வெற்றி ஆண்களுக்கு, பெண்கள் காணியோடு சேர்த்து எண்ணப்பட்ட பரிசு. ஒருத்திக்கும் பெயர் கிடையாது. ஆனால் குடி இறங்கி வந்தது பெண்கள் வழியே.

மாணவியோடு அவளுடைய உம்மம்மாவைப் பார்க்கப் போனேன். வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தன் உம்மா, உம்மாட உம்மா என்று விரல் மடக்கி ஐந்து பெயர் சொன்னார். ஆறாவதில் நின்றுவிட்டார். "அவட பேரு எங்கட ராத்தாக்குத்தான் தெரியும் மகன். அவ போன நோம்புல மௌத்தாயிட்டா."

பழைய மரைக்கார் ஒருவரின் வீட்டில் கொப்பி ஒன்று இருப்பதாக அறிந்து அங்கேயும் போனோம். நெல் அறவிட்ட கணக்கு வரிவரியாக இருந்தது. பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. மாணவி தன் செயற்றிட்டத்தில் ஐந்து பெயர்களையும் எழுதி, மேலே ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறாள். பக்கத்து ஊரில் அதே குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறாராம். பரீட்சை முடிந்ததும் அங்கே போக வேண்டும்.