கொரகொர சத்தத்தின் வரலாறு

பாட்டு கொரகொரன்னு கேட்டா இப்ப டிரைவரை மாத்திப் பாக்குறோம். 1990களின் தொடக்கத்துல பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பிடுங்கி மாத்தணும் மக்கா!

1981ல வந்த ஐபிஎம் பிசியில பீப் அடிக்குற ஸ்பீக்கர் மட்டும்தான். 1989ல சிங்கப்பூர் கம்பெனி கிரியேட்டிவ், சவுண்ட் பிளாஸ்டரை இறக்குச்சு. ஒரு துண்டு ஒலி முடிஞ்சதும் 'அடுத்ததைக் குடு'ன்னு கார்டு பிராசஸரைக் கூப்பிட ஐஆர்கியூன்னு ஒரு தனி வழி வேணும். ஆரம்பக் கார்டுகளுக்கு அது 7. பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7! ரெண்டும் மோதினா கூப்பாடு போய்ச் சேராது; ஒரே துண்டு திக்கித் திக்கி ஓடும், இல்லாட்டி மெஷினே உறைஞ்சிடும். ஸ்பீக்கர் மேல குத்தமே இல்ல.

பிற்பாடு வந்த கார்டுகள் 5க்கு மாறின. விண்டோஸ் 95ல பிளக் அண்ட் பிளே வந்து, எண்ணைத் தானே ஒதுக்க ஆரம்பிச்சது. ஒழுங்கா ஒதுக்குச்சான்னு மட்டும் கேக்காதீங்க :-)